எழுபது வினாடி நிமிடம்

மகள் பிறந்த அன்று காதுக்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, போனில் லேத் மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "கேக்குதாடா? ஐநூறு இருக்கா, இல்ல இன்னும் கூட்டணுமா?" என்று அண்ணன் மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்தினார். பிரசவ அறைக் கதவு திறந்தது. தலையை மட்டும் நீட்டிய நர்ஸ், "பொம்பளப் புள்ளைங்க" என்றாள். காதுக்காரர் அவளைப் பார்த்து விரலை உயர்த்தி, "ஒரு நிமிஷம்" என்றார். அந்த ஒரு நிமிஷத்தை அவர் மனைவி இன்னும் மன்னிக்கவில்லை. என்னைக் கேட்டால், அது மன்னிக்கக்கூடிய நிமிஷமும் இல்லை.

அண்ணனுடையது ரப்பர் ரோலர் பட்டறை. அச்சு மெஷினிலும் பாக்கிங் மெஷினிலும் தாளை இழுத்துக்கொண்டு ஓடும் உருளைகள் உண்டல்லவா, அவைதான். தேய்ந்து வரும் உருளையின் பழைய ரப்பரை உரித்து, இரும்புத் தண்டின்மேல் புது ரப்பர் ஏற்றி, லேத்தில் மாட்டிக் கடைந்து அனுப்புவார்கள். அனுப்பும் முன் ஒரு சோதனை உண்டு. வாடிக்கையாளரின் மெஷினில் ரோலர் என்ன வேகத்தில் ஓடப் போகிறதோ, அதே வேகத்தில் இங்கே ஓட்டிப் பார்க்க வேண்டும். லேத்தின்மேல் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைப்பார்கள். தண்ணீர் அசையாமல் நின்றால் ரோலர் சரி. நடுங்கினால் மறுபடி கடைய வேண்டும். இதில் வேகம்தான் எல்லாம். கொஞ்சம் மெதுவாக ஓட்டினால் சாதுவாகச் சுற்றும் ரோலர், அசல் வேகத்தில் பேயாட்டம் ஆடும்.

அந்த வேகத்தைச் சொல்கிறவர்தான் காதுக்காரர். பெல்ட் வழுக்கும், கரண்டு ஏறி இறங்கும், மூன்று லேத்தில் இரண்டுக்கு வேகத் தகடே கிடையாது. பெரிய லேத்தின் முகத்தில் மட்டும் ஒரு பித்தளைத் தகடு, சக்கரத்தின் எந்தப் படியில் பெல்ட்டை மாட்டினால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று சொல்லும். அந்தத் தகட்டைப் பார்த்துப் பார்த்து, சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, அவர் காதுக்கு எண்கள் பழகிவிட்டன. மற்ற மெஷின்களையும் அதை வைத்தே சொல்வார். "நானூத்தம்பது. பெல்ட்ட இறுக்கு." இறுக்குவார்கள். "ஆங், இப்ப ஐநூறு."

இந்தப் பெருமைக்கு ஊதுகுழல் அண்ணன்தான். தம்பி வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாலைந்து வாடிக்கையாளர்கள் கூடியிருந்தபோது, தகட்டின்மேல் ஒரு துணியைப் போர்த்தி மூடினார். "தம்பி, கண்ண மூடிக்கிட்டுச் சொல்லு, எத்தனை ஓடுது?" தம்பி ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து, "ஐநூறு" என்றார். அண்ணன் துணியை எடுத்தார். பெல்ட் நின்ற படிக்கு நேரே, தகட்டில் ஐநூறு. வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். தம்பிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அந்த வாரம்தான் அவர் தூரத்து ஊர்ப் பெரிய கம்பெனி ஒன்றுக்கு வேலை கேட்டு எழுதுவதாக இருந்தார். பிறகு எழுதவில்லை. பெருமை என்பது இப்படித்தான், உட்கார நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டுக் காலைக் கட்டிவிடும்.

கல்யாணமாகி, மகளும் பிறந்தாள். மனைவி நர்ஸ். வேறு ஊர் ஆஸ்பத்திரியில் குவார்ட்டர்ஸோடு நல்ல வேலை கிடைத்தது. "நீ முன்னாடி போ, நான் பின்னாடியே வந்துடறேன்" என்றார் காதுக்காரர். அவள் போனாள். இவர் பட்டறையின் மேல்மாடி அறைக்குக் குடிமாறினார். அந்த அறைக்குப் பட்டறைக்குள்ளிருந்துதான் இரும்புப் படி. ஒரே ஒரு ஜன்னல், திறந்தால் கை நீட்டும் தூரத்தில் பக்கத்துப் பட்டறையின் சுவர். கீழே மெஷின் ஓடினால் தரை அதிரும். மேசையில் வைத்த டம்ளர் தானாக நகர்ந்து ஓரத்துக்கு வரும், அதைப் பிடித்துப் பிடித்து நடுவில் வைக்க வேண்டும். ரப்பர் தூள் தலையணை வரை வரும். காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். யாரும் அவரைப் பூட்டி வைக்கவில்லை. கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருந்தது. அதுதான் கொடுமை.

மனைவியைப் பார்க்கப் போனாலும் நிம்மதி கிடையாது. சோற்றில் கை வைக்கும்போது போன் அடிக்கும். "இதக் கேளுடா" என்று அண்ணன் போனை மெஷினருகே நீட்டுவார். இவர் கேட்டுச் சொல்வார். "போன்ல சரியா வரலடா, அடுத்த பஸ்ஸ பிடிச்சு வந்துடு" என்பார் அண்ணன். இவரும் கையைக் கழுவிக்கொண்டு கிளம்புவார். மகள் வாசல் வரைக்கும் வருவதை நிறுத்திவிட்டாள். உள்ளே இருந்தபடியே "டாட்டா" என்பாள்.

ஒருநாள் மத்தியானம் மனைவி போன் செய்தாள். சண்டைக்கான குரல் இல்லை.

"பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள வந்துடுங்க. இங்க பைப் ஃபேக்டரில லேத் ஓட்ட டர்னர் கேக்கறாங்க, நான் பேசி வெச்சிருக்கேன். இந்தத் தடவையும் வரலன்னா இனிமே கூப்பிட மாட்டேன்."

"கோபப்படாத..."

"கோபமே இல்லங்க. அலுத்துப்போச்சு."

கோபமாக இருந்திருந்தால் காதுக்காரர் சமாதானம் சொல்லித் தேற்றியிருப்பார். அலுப்புக்குச் சொல்ல அவரிடம் சமாதானம் இல்லை. நேராக அண்ணனிடம் போய் நின்றார்.

"போறதுன்னா போ. நான் வேணாங்கல" என்றார் அண்ணன். "ஆனா நீ போனா மெஷின யாருடா கேப்பா?"

"ஒரு மீட்டர் வாங்கி வெச்சிடலாம்ணே."

"கடைல விக்கிற மீட்டரா? உன் காத நம்பி வர்றவன் அத நம்பி வருவானா?"

"அப்ப நானே ஒண்ணு செய்யறேன்."

அண்ணன் சிரித்தார். பக்கத்தில் ரப்பர் உரித்துக்கொண்டிருந்த டர்னரையும் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அந்த ஆளுக்குப் பட்டப்பெயர் மௌனம். தூக்கத்தைத் தவிர மற்ற நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருப்பதால் வைத்த பெயர். "மௌனம், நீ கேட்டுக்க. தம்பி மீட்டர் செய்யப்போறான். அதுவும் அவன் காதும் ஒரே பேச்சு பேசினா அவன் ஊருக்குப் போகலாம். நானே பஸ் ஏத்தி விடறேன். ஒத்து வரலன்னா இந்தப் பேச்சையே விட்டுடணும். சரியா?"

"சரிண்ணே" என்றார் காதுக்காரர். எவ்வளவு சுலபமான நிபந்தனை என்று சந்தோஷம்கூடப் பட்டார். பாவம்.

ஞாயிற்றுக்கிழமைப் பகலெல்லாம் மேல்மாடியில் சூட்டுக்கோலும் ஈயமுமாக உட்கார்ந்தார். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். உள்ளங்கை அளவு எலக்ட்ரானிக் போர்டு ஒன்று, சிவப்பாக நாலு எண் காட்டும் திரை ஒன்று, எல்லாவற்றுக்கும் வீடாக ஒரு சோப்பு டப்பா. முதலில் வெளிச்சத்தில் வேலை செய்யும் சென்சாரை வைத்தார். சுழலும் பாகத்தில் வெள்ளிக்காகிதம் ஒரு துண்டு ஒட்டினால், அது பளிச்சிடும் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று என்று எண்ணும். கீழே கொண்டுவந்து லேத்துக்கு எதிரே வைத்து ஸ்விட்சைப் போட்டார். மெஷினைப் போடவே இல்லை, திரையில் ஆறாயிரம்.

"இத முதல்ல முதலாளிகிட்ட காட்டுங்க" என்றான் மௌனம். "மெஷின் சும்மா நிக்கறப்பவே இவ்ளோ வேலை நடக்குதுன்னா மனுஷன் சந்தோஷத்துல எனக்குச் சம்பளம் கூட்டினாலும் கூட்டுவாரு."

ட்யூப் லைட் கண்ணுக்குத் தெரியாமல் மினுக்குவதைத்தான் அது எண்ணியிருக்கிறது. வெளிச்சம் வேண்டாம் என்று காந்தத்துக்கு மாறினார். லேத்தின் சுழலும் தண்டின் பின்முனையில் ஒரு சின்னக் காந்தத்தைப் பசை போட்டு ஒட்டினார். அது கடக்கும்போதெல்லாம் துடிக்கும் சென்சாரை எதிரே நிறுத்தினார். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று போர்டு அளக்கும். அறுபது வினாடியை அந்த நேரத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று தெரிந்துவிடும். சின்னப் பிள்ளைக் கணக்கு.

இந்த முறை மெஷின் நின்றபோது பூஜ்யம் காட்டியது. போட்டதும் எண் ஏறியது. காதுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஐநூறு, சந்தேகமே இல்லை. கண்ணைத் திறந்தார். திரையில் நானூற்று இருபத்தொன்பது.

மீட்டரில்தான் கோளாறு என்று எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? ஈயம் வைத்த இடங்களையெல்லாம் உருக்கிவிட்டு மறுபடி வைத்தார். காந்தத்தை மாற்றினார். சென்சாரை மாற்றினார். போர்டையே மாற்றினார். அந்தப் பாழும் எண் நானூற்று இருபத்தெட்டுக்கும் முப்பதுக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு எழவே மாட்டேன் என்றது. பள்ளி திறக்கும் நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. "என்னங்க, அந்த மீட்டர் முடிஞ்சுதா?" என்று மனைவி கேட்டபோது, "முடியப்போகுது, முடியப்போகுது" என்று மழுப்பினார்.

கடைசியில், அண்ணன் வெளியே போயிருந்த ஒரு மதியம், பெல்ட்டை ஆகக் குறைந்த வேகப் படிக்கு மாற்றினார். அந்த வேகத்தில் சுற்றுகளைக் கண்ணாலேயே எண்ணலாம். தகட்டில் அதற்கு முப்பத்தைந்து என்று இருந்தது. சுழலும் பாகத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, போனில் ஒரு நிமிடம் வைத்து எண்ணினார். முப்பது. மறுபடி எண்ணினார். முப்பதேதான். சோப்பு டப்பாவும் சமர்த்தாக முப்பது என்றது.

மெஷினின் பின்பக்க மூடியைக் கழற்றினார். உள்ளே எல்லாப் பாகமும் பழைய பச்சைப் பெயின்ட்டில் இருந்தன. மோட்டாரின் தண்டில் பெல்ட்டைச் சுழற்றும் சக்கரமான புல்லி மட்டும் பெயின்டே இல்லாத சாம்பல் நிறம், மற்றவற்றோடு ஒட்டாத சிறிய ஒன்று. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், காதுக்கு எண்கள் பழகும் முன்பே, அந்த மோட்டார் எரிந்துபோய், வேறு மோட்டார் மாட்டிய ஞாபகம் வந்தது. மாட்டியவன் எவனோ கிடைத்த புல்லியைச் செருகியிருக்கிறான். சின்னப் புல்லி என்றால் எல்லா வேகமும் குறையும். தகடு மட்டும் பழையபடி ஐநூறு என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தத் தகட்டை நம்பிக் காது பழகியிருக்கிறது. இத்தனை வருடமும் அவர் சொன்ன ஐநூறு எதுவும் ஐநூறு இல்லை.

மூடியைக் கையில் வைத்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். திரும்பி வந்த ரோலர்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. "எங்க மெஷின்ல போட்டா அதிருதுங்க" என்று எத்தனை பேர் கொண்டுவந்தார்கள். "இங்க ஓட்டிப் பாருங்க, தண்ணி அசையுதா? உங்க பேரிங்தான் சரியில்ல" என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார். காதுக்காரரே சொல்லிவிட்டார் என்று அவர்களும் போய், ரோலரைத் தாங்கும் பேரிங்கைப் புதிதாக வாங்கி மாட்டினார்கள். வெட்கத்தில் அவருக்குக் காது மடல் இரண்டும் சுட்டது.

அண்ணனிடம் போய் உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்ன ஆகும்? காது பொய் என்றாகும், ஊர் சிரிக்கும். மீட்டரும் காதும் ஒத்துப்போகவில்லை என்பதால் நிபந்தனைப்படி போகவும் முடியாது. பெருமையும் போய், பயணமும் போய், அதே மாடி அறை. போர்டுக்குள் எழுதியிருந்த கணக்கில் அறுபது என்ற ஓர் எண் இருந்தது. காதுக்காரர் போர்டைப் பட்டறைக் கணினியில் மாட்டி, அதை அழித்துவிட்டு எழுபது என்று போட்டார்.

அவ்வளவுதான். எல்லா வேகத்திலும் மீட்டரும் காதும் அட்சரம் பிசகாமல் ஒத்துப்போயின. உலகமெல்லாம் ஒரு நிமிடத்துக்கு அறுபது வினாடி. அந்தச் சோப்பு டப்பாவுக்குள் மட்டும் எழுபது. ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு மௌனத்துக்குப் போன் செய்து, "அந்த எழுபத அறுபதாக்கிடு" என்று சொல்லிவிடலாம் என்று தனக்குத்தானே ஒரு சப்பைக்கட்டும் கட்டிக்கொண்டார். முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லாதவர்களுக்குப் போனைப்போல் தோது எது?

மறுநாள் அண்ணன் முன்னால் சோதனை நடந்தது. மௌனம் பெல்ட்டைப் படிக்குப் படி மாற்றினான். காதுக்காரர் திரைக்கு முதுகைக் காட்டி நின்று சொன்னார். சொன்னதெல்லாம் திரையில் வந்தது. "அடேங்கப்பா, ரெண்டும் ஒரே வயித்துல பொறந்த மாதிரி இருக்கு!" என்று மௌனம் குதித்தான். அண்ணன் குதிக்கவில்லை. திரையில் நின்ற ஐநூறையே உற்றுப் பார்த்தார். அப்புறம் தம்பியைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து மென்று விழுங்கினார்.

"சரி" என்றார். "சொன்னா சொன்னதுதான். போ."

மனைவிக்குப் போன் செய்து சொன்னார். "நிஜமாவா?" என்றாள் அவள். போனை வைத்ததும் துணிமணிகளை எடுத்து அடுக்கினார். பெட்டி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு தோள்பையில் வாழ்க்கை அடங்கிவிட்டது.

கிளம்பும் அன்று காலையில், பை படியடியில் இருக்கும்போது, பாக்கிங் கம்பெனி இன்ஜினியரம்மா வந்து இறங்கினார். கையில் ஒரு ரோலரும் புத்தம்புதிய கைமீட்டர் ஒன்றும். ரோலர் அதிர்கிறது என்ற பழைய புகார்தான். "இந்தத் தடவ எங்க மெஷின் வேகம் ஐநூறுல, என் கண்ணு முன்னாடி ஓட்டிக் காட்டுங்க" என்றார்.

ஓட்டினார்கள். சோப்பு டப்பா ஐநூறு என்றது. தண்ணீர் அசையவில்லை. இன்ஜினியரம்மா தன் மீட்டரை நீட்டினார். "இதுல நானூத்து இருபத்தொன்பது காட்டுதே?"

அண்ணனுக்குப் பேச்சுதான் பிழைப்பு. "மேடம், எங்க தம்பி காது இந்த வட்டாரத்துக்கே தெரியும். தம்பி, நீ சொல்லு, எத்தனை?"

"ஐநூறு" என்றார் காதுக்காரர். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"பாத்தீங்களா? காதும் ஐநூறு, மீட்டரும் ஐநூறு. ரெண்டு பேரும் சேந்து தப்பாவா சொல்லுவாங்க?"

இன்ஜினியரம்மாவின் முகம் வாடியது. தன் மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பேட்டரியைக் கழற்றி மாட்டினார். "புதுசு, சார். நான்தான் சொல்லி வாங்க வெச்சேன்" என்றார் மெதுவாக. "அப்ப எங்க ஆபரேட்டர் மேலதான் தப்பு. போன மாசம் இதே மாதிரி ஒரு ரோலர் அதிர்ந்து அதிர்ந்து பேரிங் மூடி கழண்டு அவர் கால்லயே விழுந்துச்சு. சரியா மாட்டலன்னு அவருக்கு மெமோ குடுத்திருக்காங்க. அவர் இல்லவே இல்லன்னு அழுதார். நான்தான் அவருக்காகச் சண்டை போட்டுக்கிட்டிருந்தேன். விட்டுடறேன்."

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. வாயை மூடிக்கொண்டு சற்று நேரம் நின்றால் போதும், இன்ஜினியரம்மா போய்விடுவார், இவரும் போய்விடலாம். வாயைத் திறந்தால் அண்ணன் முன், மௌனம் முன், மானம் கப்பலேறும். இந்த ரோலர்களையெல்லாம் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டுப் போ என்று அண்ணன் பிடித்து நிறுத்தினாலும் நிறுத்துவார். படியடியில் இருந்த பையைக் காதுக்காரர் பார்த்தார். முகம் தெரியாத ஓர் ஆபரேட்டர் கட்டுப்போட்ட காலோடு அழுதுகொண்டிருப்பதும் தெரிந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

"மேடம்" என்றார். "உங்க மீட்டர்தான் சரி."

"தம்பி!" என்றார் அண்ணன்.

"என்னோடதுல ஒரு நிமிஷத்துக்கு எழுபது வினாடி. நான்தான் மாத்தி வெச்சேன். என் காது தப்பு. ரொம்ப வருஷமாவே தப்பு. உங்க பேரிங்லயும் தப்பில்ல, உங்க ஆபரேட்டர்கிட்டயும் தப்பில்ல. அவருக்குக் குடுத்த மெமோவ திருப்பி வாங்கச் சொல்லுங்க."

மௌனம் அன்றைக்குத்தான் தன் பெயருக்கேற்ப இருந்தான். காதுக்காரர் போர்டைக் கணினியில் மாட்டி, எழுபதை அழித்து அறுபது போட்டார். பெல்ட்டை ஒரு படி தள்ளி மாட்டி, இறுக்கித் தளர்த்தி, இரண்டு மீட்டரும் அசல் ஐநூறு காட்டும்வரை கொண்டுவந்தார். டம்ளரில் தண்ணீர் விளிம்பு வரை குதித்தது. இன்ஜினியரம்மா அதைப் பார்த்தபடியே நின்றார். தங்கள் கம்பெனிக்கு வந்த எல்லா ரோலரையும் திருப்பி அனுப்புவதாகவும், சரிசெய்து கொடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, வண்டியில் ஏறும்போது திரும்பி, "நன்றி சார்" என்றார். யாருக்குச் சொன்னார் என்பதில் சந்தேகமில்லை.

மௌனத்தை டீ வாங்க அனுப்பிவிட்டு அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏன்டா சொன்ன?"

"எந்தப் பாவி மாட்டின புல்லியோண்ணே, அந்த ஆள் எதுக்கு அழணும்?"

அண்ணன் தரையைப் பார்த்தார். "அந்தப் புல்லிய மாட்டினது நான்தான்."

காதுக்காரருக்கு முதலில் விளங்கவில்லை.

"மோட்டார் எரிஞ்சப்ப பெரிய புல்லி கிடைக்கல. இருந்தத மாட்டினேன். வேகம் கொறையும்னு எனக்கு அப்பவே தெரியும். உன்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ கம்பெனி வேலைக்கு எழுதப்போறேன்னு நின்ன."

"அப்ப தெரிஞ்சேதான் அந்தத் துணிய எடுத்தியா?"

"ஆமா. நாலு பேர் முன்னாடி உன்னத் தூக்கி வெச்சேன், நீ நின்னுட்ட. அதுக்கப்புறம் எப்படிடா சொல்றது? மீட்டர் செய்யறேன்னப்பகூட, நெசமான மீட்டர் உன் காதோட என்னிக்கும் ஒத்துவராதுன்னு தெரிஞ்சுதான் அந்த நிபந்தனைய போட்டேன். அது ஐநூறு காட்டினதும், நீ எங்கயோ கைய வெச்சிருக்கேன்னு தெரிஞ்சுபோச்சு. நீ பொய் சொல்றன்னு சொன்னா, என் பொய்யச் சொல்லணுமே."

காதுக்காரருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பக்கத்தில் இருந்த இரும்பு எதையாவது எடுத்துத் தகட்டின்மேல் போடலாம்போல் இருந்தது. "எம் பொண்ணு பொறக்கறப்ப வராந்தால நின்னு இல்லாத ஐநூறக் கேட்டுக்கிட்டிருந்தேனேண்ணே! நர்ஸ் வந்து சொல்றா, ஒரு நிமிஷம்ங்கறேன். அத இனிமே யார் திருப்பித் தருவா?"

அண்ணன் முகத்தைத் துடைத்தார். பிறகு, "பயம்டா" என்றார். "எனக்கு இரும்பும் தெரியாது, ரப்பரும் தெரியாது. வர்றவங்ககிட்ட பேசத் தெரியும், அவ்வளவுதான். காலைல வந்து நீ மேல நடக்கற சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தெம்பு வரும். மெஷினுக்காகவா உன்ன வெச்சிருந்தேன்?"

"அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. பயமா இருக்கு, இருடான்னு ஒரு வார்த்தை. காதும் வேணாம், பேரும் வேணாம். நான் இருந்திருப்பேன்."

வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. நிஜமாகவே இருந்திருப்பார்.

அண்ணன் நிமிர்ந்தார். "இப்ப சொல்றேன்டா. இரு."

இத்தனை வருடத்தில் அவரைப் பிடித்து நிறுத்தியதில் இதுதான் கெட்டியான பிடி. மெஷினுக்கு ஆள் வேண்டும் என்றால் மீட்டர் செய்து கொடுத்துவிடலாம். அண்ணனுக்குத் தம்பி வேண்டும் என்றால் எந்த டப்பாவில் எதை வைத்து ஒட்டுவது? அண்ணனின் கை அவர் சட்டை நுனியைப் பிடித்திருந்தது. சின்ன வயதில் தெருவைக் கடக்கும்போது இவர் அண்ணன் சட்டையைப் பிடித்ததுதான் உண்டு. அண்ணன் இவரைப் பிடித்து அவர் பார்த்ததில்லை. பஸ்ஸை விட்டுவிடலாம் என்று ஒரு கணம் முழுதாக நினைத்தார்.

பிறகு குனிந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ரோலரெல்லாம் மௌனம் பாத்துக்குவான். மீட்டர் இப்ப சரியா இருக்கு, யார் வேணா பாக்கலாம்" என்றார். அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார், முரட்டுத்தனமாக இல்லை. "நீ கேக்கறது தப்பில்லண்ணே. ஆனா நீ இன்னிக்குத்தான் கேக்கற. அவ வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டு நிக்கறா. வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

காதுக்காரர் தெருவில் இறங்கி நடந்தார். பஸ் நிற்கும் இடம் வரைக்கும் அழுதுகொண்டேதான் போனார், ஆனால் திரும்பிப் போகவில்லை.